கால் கூடிவிட்டது, தொடை ஏன் காந்துகிறது?

விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் முதுகுவலிக்காகத்தான். போன வருடம் வந்த அம்மாவின் கதை வேறு. ஜீப் கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, கூடாமல் போய், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து உடைந்த இடத்தில் வைத்து, பிளேட்டும் போட்டிருந்தார்கள். எலும்பு அருமையாகக் கூடிவிட்டது. ஆனால் எட்டு மாதமாகத் தூக்கமில்லை.

"கால் வலிக்கலை சார். தொடைதான். மிளகாய் அரைச்சுத் தேய்ச்ச மாதிரி காந்துது. சேலை பட்டாலே சுருக்குங்குது."

போன இடத்திலெல்லாம் காலை எக்ஸ்ரே எடுத்து, "நல்லா கூடிருச்சு" என்று அனுப்பியிருக்கிறார்கள். அது பொய்யில்லை. எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது, அவ்வளவுதான். நானும் ஆரம்ப காலத்தில் அப்படி அனுப்பியவன்தான்.

இந்த வலியைக் கண்டுபிடிக்க நோயாளியின் பேச்சே பாதி போதும். எலும்பு, தசை வலி என்றால் குடைச்சல், உளைச்சல், கடுப்பு என்பார்கள். காந்துது, சுருக்குங்குது, ஷாக் அடிக்குது, மதமதன்னு இருக்கு என்றால் நான் நரம்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

எலும்பு எடுக்கும் இடுப்பு முனைக்குப் பக்கத்தில்தான் தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு இறங்குகிறது. சிலருக்கு அது எலும்பின் மேலேயே ஏறிப் போகும். எவ்வளவு கவனமாக அறுத்தாலும் அது இழுபடலாம், தழும்பில் சிக்கலாம். எனவே எல்லாவற்றுக்கும் சர்ஜனைத் திட்டுவதில் நியாயமில்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் என் வருத்தம்.

பஞ்சால் தொடையைத் தொட்டு, உணர்ச்சி மாறுகிற எல்லையைப் பேனாவால் வரைந்தேன். இரண்டு உள்ளங்கை அகலம். அதற்குள்ளே பழைய கொப்புளத் தழும்பு ஒன்று. வெந்நீர் ஒத்தடமாம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் தெரியும். நரம்பு வலிக்கு ஒத்தடம் கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். பாவாடை நாடா இறுகும் இடம் சரியாக அந்த இடுப்பு முனை. காய் போடும் பையையும் அதே இடத்தில்தான் கட்டுகிறார். நாடாவைத் தளர்த்தச் சொன்னதே முதல் வைத்தியம்.

அப்புறம் மாத்திரை. டைக்ளோஃபெனாக் என்ற வழக்கமான வலி மாத்திரை இந்தக் காந்தலுக்குப் பெரிதாகக் கேட்காது. மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குக் கேடு. அமிட்ரிப்டிலின், கபாபென்டின், ப்ரிகாபலின், டுலாக்சடின் இவைதான் நரம்பு வலிக்கான மருந்துகள். இவருக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்கினேன். பிறகு கபாபென்டின் சேர்த்தபோது மகன் மருந்துக்கடையில் விசாரித்துவிட்டுப் பதறி வந்தார்: "அம்மாவுக்கு வலிப்பா சார்?" இல்லை. வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் வந்த மருந்துகள் கொதிக்கும் நரம்பையும் அடக்குகின்றன. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். தூக்கக் கலக்கம், தலைசுற்றல், வாய் வறட்சி வரலாம். இதய நோய், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பலன் இல்லை என்று நான்காம் நாளே தூக்கிப் போடுவதும், சரியாகிவிட்டது என்று ஒரேயடியாக நிறுத்துவதும் வேண்டாம்.

ஆறு வாரத்தில் தூக்கம் வந்தது, காந்தல் பாதிதான் குறைந்தது. அல்ட்ராசவுண்டில் பார்த்து அந்த நரம்பின் அருகே மரப்பு ஊசியும் ஸ்டீராய்டும் போட்டேன். பத்து நிமிடத்தில் சேலையைத் தொடையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வலி எந்த நரம்பிலிருந்து வருகிறது என்பதும் அதோடு உறுதியானது.

ஒரு எச்சரிக்கை. இந்த நரம்பு தோலுக்கு மட்டும்தான். அடிபட்டால் காலில் பலம் குறையாது. கால் இழுத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, தழும்பு சிவந்து காய்ச்சல் வந்தாலோ இந்தக் கட்டுரையை ஓரம் வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை முடிந்து மூன்று மாதம் தாண்டியும் காந்தல் நின்றபாடில்லை என்றால், எலும்பு எடுத்த இடத்தைத் தொட்டுக் காட்டி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த அம்மா இப்போது மலைக்கு வேலைக்குப் போகிறார். மழை நாளில் கொஞ்சம் காந்துகிறதாம். பையை மட்டும் தோளில் மாட்டிக்கொள்கிறார். கூட வருகிறவர்கள், "என்னக்கா, பள்ளிக்கூடத்துக்கா?" என்று கேட்கிறார்களாம்.