இல்லாத கார்டுக்கு எதற்கு டிரைவர்?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஆபீசில் ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதற்குள் கேவிஎம் (ஒரே கம்ப்யூட்டரில் பல கணினிகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டு நான்கு மெய்நிகர் கணினிகள். அதில் விண்டோஸ் சர்வர் மட்டும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை நெட்வொர்க்கை விட்டுவிடுகிறது. திரை வருகிறது, மவுஸ் நகர்கிறது, பிங் மட்டும் போகவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் நெட்வொர்க் டிரைவரை, அதாவது நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளை, புதுப்பிக்கச் சொல்கிறார்கள், ஆனால் அங்கே கார்டே கிடையாதே, டிரைவர் என்ன செய்யும்?

நல்ல கேள்வி. கார்டு இல்லாததால்தான் டிரைவர் அவ்வளவு முக்கியமாகிறது.

இல்லாத கார்டைக் காட்ட இரண்டு வழி உண்டு. முதல் வழி, முழுப் பொய். இன்டெல் 82540இஎம் என்ற பழைய கிகாபிட் சிப்பை, கேவிஎம்மோடு சேர்ந்து ஓடும் க்யூஎமு மென்பொருள் அச்சு அசலாக நடித்துக் காட்டும். உள்ளே இருக்கும் மெய்நிகர் கணினி, அதாவது கெஸ்ட், தன்னிடம் உள்ள இன்டெல் டிரைவரை வைத்து அதை நிஜம் என்றே நம்பிப் பேசும். ஆனால் அந்தப் பொய்ச் சிப்பின் ரெஜிஸ்டரில் கெஸ்ட் ஒன்றை எழுதும்போதெல்லாம் கெஸ்டை நிறுத்திவிட்டு ஹோஸ்ட், அதாவது வெளியே இருக்கும் நிஜக் கம்ப்யூட்டர், வந்து நாடகத்தை நடத்தியாக வேண்டும். ஒரு கிகாபிட் வேகத்தில் முழு அளவுப் பாக்கெட்டுகளே நொடிக்குச் சுமார் 81,000 வரும், அத்தனைக்கும் நடித்து மாளாது.

இரண்டாவது வழி, நடிப்பை விட்டுவிடுவது. அப்போது ஐபிஎம்மில் இருந்த ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய விர்ட்டியோ அதுதான். 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-இல் வந்தது. நீ மெய்நிகர் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், நினைவகத்தில் ஒரு பொது மேசை போட்டுக்கொள்வோம், நீ வை நான் எடுக்கிறேன், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் ஒரு பாதியை ஹோஸ்ட் பார்த்துக்கொள்கிறது, மறுபாதி கெஸ்டுக்குள் இருக்கும் டிரைவர். அதாவது கார்டில் பாதியே அந்த டிரைவர்தான்.

மேசை என்றேனே, அது ஒரு வளையம். நெட்வொர்க்குக்கு க்யூஎமுவில் வழக்கமாக 256 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் 16 பைட்டில் ஒரு சீட்டு: பாக்கெட் எங்கே இருக்கிறது, நீளம் எவ்வளவு, அடுத்த சீட்டு எது என்று. கெஸ்ட் சீட்டு வைக்கும், ஹோஸ்ட் எடுத்து முடித்துத் திருப்பித் தரும். இதுவரை சாதாரணம். சீட்டு வைத்ததை எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் காதலே வந்தது.

பரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சப்ளையர் சீட்டை ஆணியில் குத்திவிட்டு மணி அடிக்கலாம். கூட்ட நேரத்தில் சீட்டுக்குச் சீட்டு மணி அடித்தால் மாஸ்டருக்குத் தலை வெடிக்கும். அதனால் மாஸ்டர் கல்லில் நிற்கும்போது 'மணி வேண்டாம்' என்று ஒரு பலகையைத் திருப்பி வைக்கிறார். சீட்டெல்லாம் தீர்ந்து உட்காரப் போகும்போது 'மணி அடி' என்று மாற்றுகிறார். விர்ட்டியோவும் அப்படியேதான்: சப்ளையர் கெஸ்ட், மாஸ்டர் ஹோஸ்ட். மணி அடிப்பது செலவு, ஒவ்வொரு மணிக்கும் கெஸ்ட் நின்றாக வேண்டும், கூட்ட நேரத்தில் அது மிச்சம்.

இப்போது பாருங்கள். மாஸ்டர் ஆணியைப் பார்க்கிறார், சீட்டு இல்லை. பலகையைத் திருப்பக் கை நீட்டுகிறார். அந்த நொடியில் சப்ளையர் சீட்டைக் குத்திவிட்டுப் பலகையைப் பார்க்கிறார், இன்னும் 'மணி வேண்டாம்'தான். சத்தம் இல்லாமல் போய்விடுகிறார். மாஸ்டர் பலகையைத் திருப்பிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். சப்ளையர் பரோட்டாவுக்கு, மாஸ்டர் மணிக்கு. இருவருமே தவறு செய்யவில்லை, கடை மட்டும் நின்றுவிட்டது.

மருந்து எளிது: முதலில் பலகையைத் திருப்பு, அப்புறம் ஆணியை இன்னொரு முறை பார், அதன் பிறகு உட்கார். ஆனால் நவீன பிராசஸர் இதையும் கெடுக்கும். எழுதியதை ஸ்டோர் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் வர வேண்டிய வாசிப்பை முன்னால் முடித்துவிடும். இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86 பிராசஸர்களிலும் இந்த ஒரு வரிசை மாற்றத்துக்கு அனுமதி உண்டு. பலகை திரும்புவதற்கு முன்பே ஆணியைப் பார்த்த கதை. அதனால் இரண்டு பக்கமும் நடுவில் 'இது முடியாமல் அடுத்ததைத் தொடாதே' என்று தடை போடும் ஒரு கட்டளை வேண்டும். ஒரு வரிதான். அது ஒரு பக்கம் விட்டுப்போனாலும், லட்சக்கணக்கான பாக்கெட் ஒழுங்காகப் போய் என்றோ ஒருநாள் அந்தக் கண நேரம் வாய்த்துவிடும். இருவரும் காத்திருப்பார்கள், சிபியு சும்மா இருக்கும், லாகில் ஒரு பிழையும் இருக்காது. ரீஸ்டார்ட் செய்தால் வளையம் புதிதாகப் போடப்படும், அதனால் 'சரியாகிவிடும்'.

முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி ஒரு சர்வரைத் தினமும் இரவு 2 மணிக்கு ரீஸ்டார்ட் செய்வார்கள். ஏன் என்றால் 'அது அப்படித்தான் ஓடும்'. அதே ரேக்கின் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழமும் காய்ந்து கிடந்தது. என்னைக் கேட்டால் பழம் தேவலை. அதனால் கெடுதல் இல்லை, ரீஸ்டார்ட்டோ தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

வாசகரின் சிக்கல் இதுவேதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு கணினியை நகலெடுத்து இன்னொன்று போட்டு, இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) இருந்தாலும் நெட் விட்டு விட்டுத்தான் வரும், முதலில் அதைப் பாருங்கள். அடுத்த முறை நிற்கும்போது ரீஸ்டார்ட் செய்யாமல் ஹோஸ்டில் அந்தக் கணினிக்கான டேப் இன்டர்ஃபேஸின் (அதன் மெய்நிகர் கம்பியின் ஹோஸ்ட் முனை) எண்களைப் பாருங்கள். கைவிடப்பட்ட பாக்கெட் கணக்கு ஏறிக்கொண்டே போனால் கெஸ்ட் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஏறாவிட்டாலும் டிரைவர் தப்பித்துவிட்டது என்று அர்த்தமில்லை, எதிர்த் திசையும் நின்றிருக்கலாம். லினக்ஸ் கெஸ்ட் என்றால் டிரைவர் கர்னலோடு வருவது, கர்னலைப் புதுப்பித்தால் போதும். விண்டோஸில் இந்த டிரைவர் கூடவே வருவதில்லை, virtio-win என்ற தனி ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து போட வேண்டும், அதனால் பெரும்பாலும் சர்வர் போட்ட நாளில் போட்டதே வருடக்கணக்கில் கிடக்கும். டிவைஸ் மேனேஜரில் அதன் தேதியைப் பார்த்தாலே பல சமயம் விடை தெரிந்துவிடும்.

ஸ்னாப்ஷாட் (கணினியின் இப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இன்டெல் பொய்க் கார்டிலிருந்து விர்ட்டியோவுக்கு மாறுவதாக இருந்தால் விண்டோஸ் அதை வேறு கார்டாகவே நினைக்கும். கையால் கொடுத்த ஐபி முகவரி கண்ணுக்குத் தெரியாத பழைய கார்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் ஹோஸ்டின் கன்சோலில் இருந்து செய்யுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து நெட்வொர்க் டிரைவரை மாற்றிய சனிக்கிழமை ராத்திரி, நடுவில் திரை உறைந்துபோய், பஸ் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர மணி ஒன்றானது எனக்கு.