பெட்டியைப் பிரித்தால் காட்டிக்கொடுக்கும் டேப்

ஆம்பூரிலிருந்து பார்சல் லாரியில் புறப்படும் காலணிப் பெட்டி, கடைக்காரரிடம் சேர்வதற்குள் பல கிடங்குகளில் ஏறி இறங்குகிறது. முழு லாரியையும் கடத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். பெட்டியைப் பிரித்து இரண்டு ஜோடிகளை உருவிக்கொள்ள ஒரு பிளேடு போதும். எந்தக் கிடங்கில் நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்பதே அப்படி உருவுபவருக்குத் துணை.

சாதாரணப் பழுப்பு டேப் அட்டையின் மேற்பரப்பை மட்டுமே பற்றுவதால், அதைக் கீறித் திறந்துவிட்டு மேலே அதே டேப்பை இன்னொரு முறை ஓட்டினால் கீறல் மறைந்துவிடும். தண்ணீர் தடவி ஒட்டும் காகித டேப்பிலோ ஸ்டார்ச் பசை அட்டையின் நார்களுக்குள் ஊறி இறுகிவிடுகிறது. உரித்தால் அட்டையின் மேல்தாளும் சேர்ந்தே கிழிந்து வரும்.

பிரித்தால் 'VOID' ('செல்லாது') என்ற எழுத்துகளைக் காட்டும் 'வாய்டு' டேப்பின் வேலை இன்னும் நுட்பமானது. பாலியெஸ்டர் படலத்தின் அடிப்பக்கத்தில், எளிதில் பிரியும் மெல்லிய பூச்சு எழுத்து வடிவில் அச்சிடப்பட்டிருக்கிறது; அதன்கீழ் நிறப்படலமும் பசையும் உள்ளன. டேப்பை இழுக்கும்போது, எழுத்துகள் உள்ள இடங்களில் மட்டும் படலம் நிறத்தை விட்டுப் பிரிகிறது. மற்ற இடங்களில் நிறம் படலத்தோடு போய்விடுகிறது. எழுத்துகள் பெட்டியின்மேல் தங்கிவிட, அவற்றின் வெற்றிடம் டேப்பில் தெரிகிறது. அழுத்தி ஒட்டினாலும் இடையில் நுழைந்த காற்று ஒளியைச் சிதறடிப்பதால் எழுத்துகள் முன்போல் மறைவதில்லை. ஆனால் சரக்கை வாங்குபவர் பெட்டியின் அடிப்புறத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் மேல்மூடியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளிலிருந்து சென்னைத் துறைமுகம் செல்லும் கன்டெய்னர்களின் கதவுக்குப் போல்ட் சீல், அதாவது வெட்டினால்தான் திறக்கும், எண் பொறித்த இரும்புப் பூட்டு, போடப்படுகிறது. ஐ.எஸ்.ஓ. 17712 தரநிலையின் 'எச்' (உயர் பாதுகாப்பு) வகைச் சீல், 10 கிலோநியூட்டன் இழுவிசையை, அதாவது ஏறத்தாழ ஒரு டன் எடையைத் தாங்க வேண்டும். அதைப் போல்ட் கட்டரால் வெட்டலாம். வெட்டியபின் அதே எண்ணுள்ள இன்னொரு சீல் கிடைப்பதுதான் கடினம். ஆகவே ஒவ்வொரு கைமாற்றத்திலும் எண்ணைப் படித்து ஆவணத்தோடு ஒப்பிடாவிட்டால், அது வெறும் இரும்புத் துண்டுதான்.

தனிப் பெட்டிகளுக்கு எடைத்தராசு அதே வேலையைச் செய்கிறது. வேலூர்க் கிடங்கில் ஏற்றியபோது 14 கிலோ இருந்த பெட்டி, அடுத்த கிடங்கில் 13 கிலோ காட்டினால், தேட வேண்டியது அந்த ஒரு பயணத்தை மட்டுமே. மழைக்காலத்தில் அட்டை ஈரத்தை உறிஞ்சிச் சற்றுக் கனக்கும் என்பது உண்மை; ஆனால் அந்தக் கனம் ஒரு ஜோடித் தோல் காலணியை ஈடுகட்டும் அளவுக்கு இராது.