‘பயம்’ என்று சொல்லும் பிள்ளைக்குச் சிகிச்சை தேவையா?

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த சில வாரங்களில் ஆசிரியர்கள் என்னிடம் ஒரு பெயர்ப் பட்டியலைத் தருவார்கள். அதில் பாதிப் பெயர்களுக்கு எதிரே ‘ழகரம் வரவில்லை’ என்று குறித்திருக்கும். காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதிப் பள்ளிகளில் பேச்சு மொழி சிகிச்சையாளராக, பிள்ளைகளின் வாயில் ‘ஸ்பீச் மிஸ்’ஸாக, பணியாற்றும் எனக்கு, பட்டியலில் விடுபட்ட பெயர்கள் யாவை என்பதே முதல் கவலை.

வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்று சொல்லும் ஆறு வயதுப் பிள்ளையின் தாயிடம் பேசினால், “வூட்ல எல்லாருமே அப்டித்தான் மேடம் பேசுவோம்” என்பார். அவர் சொல்வது சரி. ழகரம் யகரமாவது வடசென்னைப் பேச்சின் ஒழுங்கான இயல்பு. கேட்டு வளர்ந்த மொழியைப் பிள்ளை பிழையின்றிக் கற்றிருக்கிறது. எழுத்துத் தமிழுக்கு உரிய ழகரத்தைப் பழக்குவது தமிழ் வகுப்பின் வேலை. ஆனால் அதே வயதில் ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்றும் ‘கடை’யைத் ‘தடை’ என்றும் சொல்லும் சிறுவனின் வீட்டில் வேறு யாரும் அப்படிப் பேசுவதில்லை. நாக்கின் பின்பகுதி எழ வேண்டிய இடத்தில் அவனுக்கு நுனி எழுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வயதளவில் கடந்துவிடும் படி இது. அவன்தான் என் அறைக்கு வர வேண்டியவன். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகளிடமும் இதே கேள்விதான்: தடுமாற்றம் வீட்டு மொழியிலும் இருக்கிறதா, தமிழில் மட்டுமா?

எங்கள் சோதனை அட்டைகளும் குற்றமற்றவை அல்ல. பனிமனிதன் படத்தைப் பார்த்து விழித்த ஒரு மீனவர் வீட்டுச் சிறுமிக்குச் சொல்வளம் குறைவு என்று நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். மறுநாள் மீன் படங்களைக் காட்டியபோது வஞ்சிரம், கானாங்கெளுத்தி, சங்கரா, நெத்திலி என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று என்பதால், நான்காண்டுப் பட்டமும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் பெற்ற எங்களைப் போன்றவர்கள் எழுதும் ஒரு வரி எளிதில் அழியாது.

திக்குவாய் உள்ள பிள்ளைகளின் நிலை வேறு. வகுப்போடு சேர்ந்து செய்யுளைச் சொல்லும்போது தங்குதடையில்லாமல் சொல்பவன், வருகைப்பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்பதில் முதல் உயிரெழுத்திலேயே முட்டி நிற்பான். “அப்போது வந்தது இப்போது வராதா, நடிக்கிறான்” என்று ஓர் ஆசிரியர் என்னிடம் சலித்துக்கொண்டார். பலரோடு சேர்ந்து சொல்லும்போது திக்கல் பெரிதும் குறைவது திக்குவாயின் இயல்பே தவிர நடிப்பு அன்று. ‘மெதுவாகப் பேசு’ என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வதைக் காட்டிலும், கையை உயர்த்தினால் போதும் என்று அனுமதிப்பது அவனுக்கு அன்றைய காலைப் பொழுதை மீட்டுத் தரும்.

பட்டியலில் விடுபடுபவர்கள், பேசாமலேயே இருப்பவர்கள். கடைசிப் பெஞ்சில் தொல்லை தராமல் அமர்ந்திருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியை ‘நல்ல பிள்ளை’ என்றே எல்லாரும் சொன்னார்கள். “புத்தகத்தை மூடிவிட்டுப் பையை எடுத்து வா” என்றேன். பையை மட்டும் எடுத்து வந்தாள். அடிக்கடி சளி பிடிக்கும், ஒருமுறை காதில் சீழ் வந்தது என்றார் அவளுடைய பாட்டி. நடுக்காதில் நீர் தேங்கினால் உயிரொலிகள் ஓரளவு கேட்கும், மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். சன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் உறுமும் வகுப்பறையில் மீதமும் கரைந்துபோகும். ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் பரிசோதித்தபோது இரு காதுகளிலும் லேசான கேட்புக் குறைவு தெரிந்தது. மருத்துவம் ஒருபுறம் தொடர, அவள் இடத்தைச் சாலைப் பக்கமிருந்து முன்வரிசைக்கு மாற்றினோம்; ஆசிரியரும் கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதைத் தவிர்த்தார்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் உச்சரிப்புக்கான கட்டத்துக்கு முன்பாக, ‘வகுப்பில் தானாகப் பேசாதவர்கள்’ என்று ஒரு கட்டம் சேர்க்கும்படி ஆசிரியர்களைக் கேட்டிருக்கிறேன்.