செட்டின் முன்னால் நின்று ஓகே சொல்லாதீர்கள்

சின்னதொரு பிராந்தியச் செய்தி சேனலுக்கு செட் போட்டுக் கொடுத்திருந்தேன். தொழிலுக்கு வந்த புதிது. ஆங்கர் டேபிளின் முகப்பில் சேனல் லோகோவை அக்ரிலிக்கில் வெட்டி, உள்ளே விளக்கு வைத்து, தச்சர் நான்கு நாள் உட்கார்ந்து இழைத்திருந்தார். உரிமையாளர் வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் நாள் ஒளிபரப்பின்போது கன்ட்ரோல் ரூமில் என் பக்கத்தில் நின்றவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டேபிள் எங்கே சார்?"

டேபிள் டிக்கருக்குப் பின்னால் இருந்தது. கீழே ஓடும் டிக்கர், அதற்கு மேல் தலைப்புப் பட்டை, அதற்கும் மேல் 'பிரேக்கிங்' பட்டை. மூன்றும் சேர்ந்து திரையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை விழுங்கியிருந்தன. மேல் மூலையில் அதே லோகோ கிராஃபிக்ஸாகத் தனியே சுழன்றுகொண்டிருந்தது. தப்பு என்னுடையதுதான். கிராஃபிக்ஸ் துறையிடம் ஒரு வார்த்தை கேட்காமலே டேபிளை வரைந்திருந்தேன்.

அன்றிலிருந்து, செட்டுக்கு முன்னால் நின்று யாராவது "சூப்பர், ஓகே" என்றால் நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கேமராவை அதன் இடத்தில் நிறுத்தி, ஆங்கரை உட்காரவைத்து, எல்லாப் பட்டைகளையும் ஓடவிட்டு, மானிட்டரில் பார்த்த பிறகு சொல்லுங்கள் என்பேன். இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அதே செய்தியை மொபைலுக்காக நெட்டுக்குத்தாக வெட்டுகிறார்கள். 1920-க்கு 1080 பிக்சல் கொண்ட படத்தை 9:16 ஆக வெட்டினால் மிஞ்சும் அகலம் சுமார் 608 பிக்சல், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு பக்கமும் நீங்கள் நிறுத்திய தூண்கள், வளைவுகள், ஒளிக்கோடுகள் எல்லாம் போய்விடும். ஆங்கரின் தலைக்கும் தோளுக்கும் பின்னால் இருக்கும் ஒரு துண்டு மட்டும் எல்லா வெட்டுக்கும் தப்பி நிற்கும். அங்கே தலையிலிருந்து முளைத்ததுபோல ஒரு தூணோ, கழுத்தை அறுப்பதுபோல ஒரு ஒளிக்கோடோ வந்துவிடாமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சரி, எல்.இ.டி. வாலுக்கு வருவோம், அதாவது ஆங்கருக்குப் பின்னால் சுவர்போல நிற்கும் எல்.இ.டி. திரைக்கு. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். எத்தனை அடி போடலாம் என்று கேட்பார்கள். ஆங்கருக்கும் வாலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வாலின் பேனல்களை பி2.5 என்பதுபோல ஒரு எண்ணால் சொல்வார்கள்; பி2.5 என்றால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு நடுவே 2.5 மில்லிமீட்டர் தூரம். வாலில் இருப்பது ஒரு வலை; கேமராவின் சென்சாரில் இருப்பது இன்னொரு வலை. இரண்டு கொசுவலையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு அசைத்துப் பாருங்கள், அலையலையாகக் கோலம் தெரியும். மொய்ரே என்பது அதுதான். வால் துல்லியமாக ஃபோகஸில் இருக்கும்போதுதான் அது மோசமாகத் தெரியும். ஆங்கரை வாலிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் கொண்டுவந்து, லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரையும் அகலமாகத் திறந்துவைத்தால் வால் மெல்ல மங்கும், அலையும் அடங்கும்.

ஆனால் பிராந்திய சேனல்களின் ஸ்டுடியோ பல நேரம் அலுவலக அறையிலிருந்து மாற்றிய இடம். மூன்று மீட்டருக்கு எங்கே போவது? பிக்சல் இடைவெளி குறைந்த பேனல் வாங்கலாம், விலை ஏறும். வாலைச் சின்னதாக்கி ஓரத்தில் வைத்து, ஆங்கருக்குப் பின்னால் உள்ளிருந்து ஒளிவிடும் அச்சுத் துணியைக் கட்டலாம். மலிவான எல்.இ.டி. வாலைவிட ஒழுங்காக ஒளியமைத்த அச்சுத் துணி எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. இதைச் சொல்லி இரண்டு ஆர்டரை இழந்திருக்கிறேன்.

வால்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், பணம் கொடுக்கும் முன் உங்கள் சொந்தக் கேமராவை விற்பவரின் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ரெஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு, போதாத பேனலில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் நகரும். அது கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 3840 ஹெர்ட்ஸ் பேனலே கேளுங்கள். வெளிச்சத்தையும் குறைத்துப் பாருங்கள், ஏனென்றால் ஸ்டுடியோவில் முழு வெளிச்சத்தில் அதை ஓட்டப்போவதில்லை. மட்டமான பேனல் மங்கலாக ஓடும்போது இருண்ட நிறங்கள் படிப்படியாகத் திட்டுத் திட்டாக உடையும். முகத்துக்கு 5600 கெல்வின், அதாவது பகல் வெளிச்ச நிறத்தில், விளக்கு போட்டிருப்பீர்கள். வாலின் வெள்ளையோ பெரும்பாலும் அதைவிட நீலமாக வரும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஆங்கர் ஃப்ரிட்ஜுக்குள் உட்கார்ந்து செய்தி படிப்பதுபோல இருக்கும்.

பின்னணியில் எதைக் காட்டுவது என்பது வேறு கதை. 1980-இல் சிஎன்என் தொடங்கியபோது, வேலை நடக்கும் செய்தி அறையையே வாசிப்பாளருக்குப் பின்னால் காட்டியது. அதைப் பார்த்து எல்லோருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் நியூஸ்ரூம் வேண்டும். மொத்தம் எட்டுப் பேர் வேலை செய்யும் சேனலில், இரவுச் செய்தி நேரத்தில் அங்கே தெரிவது காலி நாற்காலிகள்தான். ஊரின் பாலத்தையோ மணிக்கூண்டையோ காட்டுவது நல்லது, பார்ப்பவருக்கு 'நம்ம ஊர்ச் செய்தி' என்று உடனே தோன்றும். ஆனால் ஒரே படத்தை நாள் முழுக்க ஓட்டக் கூடாது. கனமழையால் ஊரே இருண்டு கிடக்கிறது என்று ஆங்கர் படிக்க, பின்னால் பளிச்சென்று நண்பகல் நீல வானம். பகல், மாலை, இரவு, மழை என்று ஒரே கோணத்தில் நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளப் பெரிய செலவு ஆகாது.

பிபிசி 1954-இல் டிவி செய்தி தொடங்கியபோது வாசிப்பவரின் முகத்தையே காட்டவில்லை. முகபாவம் செய்தியிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்று தயங்கினார்கள். 1955 செப்டம்பரில்தான் கென்னத் கெண்டல் திரையில் வந்தார். இன்றைய செட்டுகளில் அந்த முகத்தைத் தவிர மற்ற எல்லாமே கவனத்தைத் திருப்புகின்றன. முகத்துக்கோ மிச்சம் மீதி வெளிச்சம்தான். தாழ்ந்த சீலிங்கில் விளக்கை ஆங்கரின் தலைக்கு மேலேயே தொங்கவிட்டால் கண்குழியில் நிழல் விழும், எவ்வளவு மேக்கப் போட்டாலும் தூங்காதவர்போல இருப்பார். முகத்துக்கான முக்கிய விளக்கான கீ லைட்டை முன்னால் தள்ளி, கண்மட்டத்திலிருந்து 30 முதல் 45 டிகிரி உயரத்தில், மென்மையான ஒளி தரும் பேனலாக வையுங்கள். கண்ணாடி போட்டவரை ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள். எங்கே பளீரென்று அடிக்கிறது என்று அப்போது தெரியும்.

கண்ணாடி டேபிள் வேண்டாம். குரல் அதில் பட்டு மைக்கில் திரும்பி விழும், மேலிருக்கும் விளக்கெல்லாம் அதில் தெரியும்.

கேமராவுக்குத் தெரியாத பக்கம்தான் எனக்குக் கவலை. எந்த செட்டுக்கும் பின்னால் போய்ப் பாருங்கள்: பிளைவுட், ஃபோம், வினைல், துணி. எல்லாம் எரியக்கூடியவை. அதன் நடுவே எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டிகள், அடாப்டர்கள், ஒன்றில் ஒன்று சொருகிய எக்ஸ்டென்ஷன் பலகைகள். ஒரு ஸ்டுடியோவில் மேடைக்கு அடியில் கைவிட்டபோது, ஃபோமில் புதைந்து கிடந்த பிளக் சூடாக இருந்தது. இன்னொரு இடத்தில் அலங்கார சீலிங் போட்டு, அதற்கு மேலிருந்த புகை உணர்கருவியை மறைத்துவிட்டார்கள். புகை வந்தாலும் அதற்கு எட்டத் தாமதமாகும். தலைக்கு மேல் தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்ப் போதாது, தனியாக ஸ்டீல் சேஃப்டி ஒயர் வேண்டும். வாலின் பின்னால் ஒரு ஆள் போய்வர இடம் விடுங்கள், அல்லது முன்பக்கமாகக் கழற்றும் பேனல் வாங்குங்கள்.

ஒப்படைக்கும் நாளில் நான் ஒரு வேலை செய்வேன். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஆங்கரை அவர் இருக்கையிலிருந்து எழுந்து அவசர வழிவரை தனியாக நடக்கச் சொல்வேன். கடைசியாகச் செய்தபோது அந்தப் பெண் மேடை விளிம்பில் ஒருமுறை தடுமாறி, சுவரைத் தடவிக்கொண்டே கதவருகே போய்விட்டார். கதவு திறக்கவில்லை. உள்பக்கம் திறக்கும் கதவு அது, அதன்மேல் கேமரா கிரேனின் பெட்டி சாய்ந்து கிடந்தது. பெட்டியை அன்று மாலையே நகர்த்திவிட்டார்கள். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற இன்னும் ஒரு வாரம் ஆனது. அதுவரை ஒளிபரப்பைத் தொடங்கவிடாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.