வெள்ளை மாத்திரை மட்டும் போதாது

மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொந்தரவுகளுக்கு மருத்துவர்கள் எழுதும் ஹார்மோன் மாத்திரைகளில் ஒரு வகை, 28 மாத்திரை கொண்ட அட்டையாக வரும். 14 வெள்ளை, 14 சாம்பல் நிறம். வெள்ளையில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஒரு வகையான எஸ்ட்ராடியோல் 1 மி.கி. மட்டும் இருக்கும். சாம்பலில் அதே எஸ்ட்ராடியோலுடன் டைட்ரோஜெஸ்டிரோன் 10 மி.கி. சேர்ந்திருக்கும். முதல் இரண்டு வாரம் வெள்ளை, அடுத்த இரண்டு வாரம் சாம்பல், அது முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. கணக்கு இவ்வளவுதான். ஆனால் மருந்துக்கடையில் "இதே மாத்திரை வேணும்" என்று நீட்டப்படும் பழைய அட்டைகளில், வெள்ளை வரிசை முழுக்கக் காலியாகவும் சாம்பல் வரிசை அப்படியே முழுசாகவும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

"பாப்பா, இந்த வெள்ளை மட்டும் தனியா கிடைக்குமா? அந்தக் கலர் மாத்திரை போட்டா மறுபடியும் மாசாமாசம் வந்துடுது. பேத்தி எடுத்த வயசுல எனக்கு எதுக்கு இது?"

கேட்பவர்மேல் தப்பில்லை. ஒருவழியாக நின்றது, இனிக் கோயில் குளம் என்று நாள் பார்க்காமல் போகலாம் என்று நிம்மதியானவருக்கு, மறுபடி மாதாமாதம் ரத்தப்போக்கு என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். அந்தக் கலர் மாத்திரை எதற்கு என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் மருத்துவர் சந்திப்பில் இதைச் சொல்ல நேரமிருக்காது. கடையில் சொல்லலாம் என்றால், பின்னால் நான்கு பேர் நிற்கும்போது அவரே காது கொடுத்துக் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

உடம்பு திடீரென்று அனலடிப்பது, ராத்திரியில் நைட்டி நனைய வேர்ப்பது, தூக்கம் கெடுவது, பிறப்புறுப்பு வறண்டு எரிவது எல்லாமே ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு தொடர்புள்ளவை. குறைந்ததை மாத்திரையாகக் கொடுத்தால் தணியும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு அனலடிப்பு முக்கால் பங்கு குறைந்திருந்தது. மல்லிப்பூ எண்ணெய், சோயா கேப்ஸ்யூல் என்று எதையெதையோ வாங்கிப் போகிறார்கள். அவை எதுவும் இதன் கிட்டத்தில்கூட வராது.

சரி, ஈஸ்ட்ரோஜன்தான் வேலை செய்கிறது என்றால் அதை மட்டும் கொடுத்தால் என்ன? அப்படித்தான் முதலில் கொடுத்தார்கள். சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அறுபதுகளில் லட்சக்கணக்கான பெண்கள் அதைச் சாப்பிட்டார்கள். 1975இல் வெளியான ஆய்வுகள், அப்படிச் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் பல மடங்கு அதிகம் வருவதைக் காட்டின. ஈஸ்ட்ரோஜன் அந்தச் சவ்வை வளர்க்கும். மாதவிடாய் வரும் வயதில் ஒவ்வொரு மாதமும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும், அப்புறம் சவ்வு உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறும். கடிவாளம் இல்லாமல் வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால் சவ்வு தடித்து, சிலருக்குப் புற்றாக மாறும்.

சாம்பல் மாத்திரையில் இருக்கும் டைட்ரோஜெஸ்டிரோன், புரோஜெஸ்டிரோன் போலவே கடிவாளம் போடும் மருந்து. அந்தக் காவலுக்காகத்தான் அது இருக்கிறது. அனலடிப்பைக் குறைப்பது வெள்ளையிலும் சாம்பலிலும் பொதுவாக இருக்கும் எஸ்ட்ராடியோல். இரண்டாவது மருந்தை நிறுத்தினால் உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாது, சொல்லப்போனால் சுகமாகக்கூட இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் வலியோ அறிகுறியோ தெரியாமலே உள்ளே மட்டும் சவ்வு தடித்துக்கொண்டிருக்கும்.

கருப்பையை அறுவை செய்து எடுத்துவிட்டவர்களுக்கு இந்தக் காவல் தேவையில்லை. அவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். பக்கத்து வீட்டு அக்கா ஒரே மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கிறார், எனக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இதுதான். அவர் கர்ப்பப்பை எடுத்தவராக இருப்பார்.

மாதாமாதம் வருவதுதான் தொந்தரவு என்றால் அதற்கும் வழியுண்டு. மாதவிடாய் நின்று 12 மாதம் ஆனவர்களுக்கு, இரண்டு மருந்தும் தினமும் சேர்ந்தே போகும் ஒரே நிற அட்டை இருக்கிறது. எஸ்ட்ராடியோல் 1 மி.கி., டைட்ரோஜெஸ்டிரோன் 5 மி.கி. என்பது அதில் ஒன்று. முதல் சில மாதங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறை படலாம், அப்புறம் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே கலர் மாத்திரையை ஒதுக்கி வைக்காமல், "எனக்கு ரத்தப்போக்கு வராத வகை கொடுக்க முடியுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்னும் விட்டுவிட்டு மாதவிடாய் வந்துகொண்டிருக்கிறது என்றால் மட்டும் கொஞ்ச காலம் இரண்டு நிற அட்டைதான்.

கடைப் பக்கத்துச் சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மருந்தும் சேர்ந்த சேர்க்கை மாத்திரை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இல்லாதபோது "கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணுதான்" என்று எஸ்ட்ராடியோல் வேலரேட் 2 மி.கி. அட்டையை எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. குழந்தைப்பேறு சிகிச்சைக்காக அது பல கடைகளில் இருக்கும். மருந்து ஒன்றல்ல. அதில் ஈஸ்ட்ரோஜன் மட்டுமே இருக்கிறது, காவல் இல்லை. அட்டையின் பின்பக்கம் இரண்டு பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில மருத்துவர்கள் இரண்டையும் தனித்தனியாக எழுதுவார்கள்: காலையில் எஸ்ட்ராடியோல், ராத்திரி படுக்கப்போகும்போது புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூல். தூக்கக் கலக்கம் தரும் என்பதால்தான் அதை ராத்திரிக்கு வைக்கிறார்கள். இப்படிச் சீட்டு வந்தால் ஒன்று எப்போதும் பாதியில் நின்றுபோகிறது, அது பெரும்பாலும் கேப்ஸ்யூல்தான். விலை ஒரு காரணம். இன்னொரு காரணம், "இது கர்ப்பிணிக்குக் கொடுக்கிறதாச்சே" என்ற சந்தேகம். மருமகளுக்குக் கரு தங்குவதற்காக எழுதிய அதே பெயர் தன் சீட்டிலும் இருப்பதைப் பார்த்து, டாக்டர் மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. மாற்றி எழுதவில்லை. கருவைத் தாங்கும் ஹார்மோனும், 48 வயதில் கருப்பைச் சவ்வுக்குக் காவல் நிற்கும் ஹார்மோனும் ஒன்றுதான்.

இதேபோல், திருவிழாவுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ நாள் தள்ளிப்போடச் சாப்பிடும் நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரையை "ஹார்மோன் மாத்திரை" என்ற பொதுப்பெயரில் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, அளவும் வேறு. கருத்தடை மாத்திரையும் வேறு. மெனோபாஸ் மாத்திரை கருத்தடைக்கு உதவாது. 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றிருந்தால் அதன்பின் இரண்டு வருடமும், 50க்கு மேல் என்றால் ஒரு வருடமும் கருத்தடை தேவை.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். "ஹார்மோன் சாப்பிட்டா மார்புப் புற்றுநோய் வருமாமே" என்ற கேள்விக்கு ஒரு பிறந்த தேதி உண்டு: 2002 ஜூலை. அமெரிக்காவில் கருப்பை உள்ள 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, சராசரியாக ஐந்து வருடம் சொச்சம் ஆனபோது பாதியில் நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஒரு வருடம் சாப்பிட்டால் மார்புப் புற்றுநோய் 30க்குப் பதில் 38 பேருக்கு, பக்கவாதம் 21க்குப் பதில் 29 பேருக்கு, நுரையீரலில் ரத்தக்கட்டி 8க்குப் பதில் 16 பேருக்கு என்று கணக்கு வந்தது. இடுப்பெலும்பு முறிவு 15லிருந்து 10ஆகக் குறைந்திருந்தது, ஆனால் அது செய்தியில் பெரிதாக வரவில்லை. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. பலர் மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள். கொடுத்ததும் பழைய குதிரை ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை மருந்தும். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அந்த வயதில் அனலடிப்போடு வருபவருக்கு 63 வயதுக் கணக்கை அப்படியே பொருத்தினால் சரியாக வராது. 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் ஆரம்பித்தால், தடை ஏதும் இல்லாத பெரும்பாலோருக்கு நன்மையே மிஞ்சும் என்பதுதான் இன்றைய நிலை. சேர்க்கை மாத்திரையில் மார்புப் புற்றுநோய் அபாயம் சிறிது உண்டு, வருடம் கூடக் கூட அதுவும் கூடும். அதை மறைக்க வேண்டியதில்லை.

2025 நவம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., இந்த மருந்துகளின் உறையில் இருந்த கட்டம் போட்ட எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தது: ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் கருப்பைச் சவ்வில் புற்றுநோய் என்ற எச்சரிக்கை.

யாருக்கு இது கூடவே கூடாது? மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்கள். மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். உடல் பருமன் போன்ற காரணங்களால் ரத்தக்கட்டி பயம் இருப்பவர்களுக்குத் தோலில் தடவும் ஜெல் எழுதுவது அதனால்தான். ஜெல் தடவினாலும் கருப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் கூடவே வேண்டும்.

வேறு மருந்து சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்தால் அந்தத் தைராய்டு மாத்திரையின் (தைராக்ஸின்) அளவைக் கூட்ட வேண்டி வரலாம், சில வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள். வலிப்புக்குக் கார்பமசெபின், ஃபெனிடோயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களிடம் ஹார்மோனின் பலன் குறையும். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து எடுப்பவர்களிடம் தலைகீழ், ஹார்மோன் அந்த மருந்தைக் குறைத்துவிடும், வலிப்பு திரும்பலாம்.

ஒருநாள் மறந்துவிட்டால், 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குமேல் என்றால் விட்டுவிட்டு மறுநாள் மாத்திரையை வழக்கம்போல். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால், அன்றே மருத்துவமனை. பல மாதம் ஒன்றும் வராமல் இருந்து திடீரென்று ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை ஏதும் இருந்தால் சில வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

போன வருடச் சீட்டைக் காட்டி இந்த மாத்திரை வாங்க வருபவர்களை நான் திருப்பி அனுப்புவதுண்டு. கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம், மார்புப் பரிசோதனை, தொடர வேண்டுமா என்ற பேச்சு, இவை நடக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எல்லோருக்கும் பொதுவான கணக்கு இல்லை. நாற்பதுக்குள் நின்றவர்களை இயல்பாக நிற்கும் வயதுவரை எடுக்கச் சொல்வார்கள், மற்றவர்களுக்குத் தொந்தரவைப் பொறுத்து முடிவாகும். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்தாலும் சரி, ஒரேயடியாக விட்டாலும் சரி, அனலடிப்பு கொஞ்ச நாள் திரும்பலாம். இரண்டு மருந்தையும் தனித்தனியாக எடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஈஸ்ட்ரோஜன் உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரை கேப்ஸ்யூலை முதலில் நிறுத்தக் கூடாது.