சூரிச்சில் வெயில் அடிக்குது, விமானம் ஏன் கிளம்பல?

போன மாதம் அக்கா மகன் சூரிச்சிலிருந்து வாட்ஸ்அப்பில் கத்தினான். "மாமா, வெளியே பளிச்னு வெயில், எல்லாரும் ஏறியாச்சு, கதவையும் சாத்தியாச்சு, ஐம்பது நிமிஷமா அப்படியே நிக்குது. கேப்டன் ஏதோ ஸ்லாட், ஸ்லாட்ங்கிறார். கதை விடுறாரா?"

கதை இல்லை. அவன் லண்டன் போகிற வழியில் ஏதோ ஒரு நாட்டின் மேலே ஒரு செக்டார், அதாவது கன்ட்ரோலர்கள் பார்த்துக்கொள்ள வானத்தைப் பிரித்து வைத்த ஒரு துண்டு, நிரம்பியிருக்கும். ஒரு செக்டாரை ஒரு மணி நேரத்தில் இத்தனை விமானம்தான் கடக்கலாம் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் வருவதை வானத்தில் வட்டமடிக்க விடாமல், கிளம்பும் ஊரிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். ஐரோப்பா முழுவதற்கும் இந்தக் கணக்கைப் போடுவது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் யூரோகன்ட்ரோல். அது கொடுக்கும் புறப்பாட்டு நேரம்தான் ஸ்லாட். அதற்கு 5 நிமிடம் முன்னால், 10 நிமிடம் பின்னால், அவ்வளவுதான் சலுகை. கடைசி ஆளாக காபி கப்போடு நிதானமாக நடந்து வருபவரால் அந்த 15 நிமிடம் தவறினால், அடுத்த ஸ்லாட் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் ஏரியா கன்ட்ரோலில், அதாவது விமான நிலையத்தைத் தாண்டி உயரே பறக்கும் விமானங்களை வழிநடத்தும் மையத்தில், பல வருடமாக உட்கார்ந்திருப்பவன். பக்கத்து நாட்டு மையத்துக்கு விமானத்தை ஒப்படைப்பது எங்களுக்கு அன்றாட வேலை, எந்த உயரத்தில், எந்தப் புள்ளியில், எத்தனை மைல் இடைவெளியில் என்பதெல்லாம் இரண்டு மையங்களும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் ஐரோப்பாக்காரர்கள் செய்வதைப் பார்த்தால் எனக்கே மலைப்பு. அங்கே விமானம் ஒரு நாட்டுக்குள் நுழைந்து சில நிமிடங்களில் அடுத்த நாட்டில் இருக்கும். அதனால் வானத்துக் கோட்டைத் தரைக் கோட்டோடு சேர்த்துப் போடாமல் சில இடங்களில் துணிந்து மாற்றியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 1972 முதல் ஒரு மையம் இயங்குகிறது. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க், ஜெர்மனியின் வடமேற்கு, இந்த நாலின் மேலேயும் 24,500 அடிக்கு மேல் பறப்பதெல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ். அதேபோல தெற்கு ஜெர்மனியில் கொஞ்சம் வானத்தை சுவிட்சர்லாந்தின் சூரிச் பார்த்துக்கொள்கிறது.

அந்தக் கொஞ்சம் வானத்தில்தான் 2002 ஜூலை 1 இரவு ஊபர்லிங்கன் விபத்து நடந்தது. எங்கள் தொழிலில் இதைப் படிக்காதவர் இருக்க முடியாது.

பார்சிலோனாவுக்குப் போன ரஷ்யப் பயணிகள் விமானம் டுபோலெவ், அதில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். குறுக்கே பெல்ஜியம் போகும் சரக்கு போயிங். இரண்டும் 36,000 அடி. சூரிச்சில் ஒரே ஒரு கன்ட்ரோலர் இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஓய்வில். பராமரிப்புக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பை நிறுத்தியிருந்தார்கள், மாற்று இணைப்பும் சரியாக வேலை செய்யவில்லை. ராடார் திரையில் வர வேண்டிய மோதல் எச்சரிக்கையும் அன்றைக்கு இல்லை. ஆனால் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தில் அந்த எச்சரிக்கை வந்துவிட்டது, ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்னாலேயே! அங்கிருந்தவர் திரும்பத் திரும்ப சூரிச்சை அழைக்கிறார், இணைப்பு கிடைக்கவே இல்லை. விமானங்கள் இருப்பது சூரிச்சின் அலைவரிசையில். கண்ணெதிரே இரண்டு புள்ளிகள் நெருங்குகின்றன, கையில் ரிசீவர். நான் பயிற்சியில் இதைக் கேட்டபோது விமானிகளைவிட, சூரிச்காரரைவிட, இந்த மனிதரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஒரு நிமிடத்துக்குள் சூரிச் கவனித்து டுபோலெவை இறங்கச் சொன்னது. விமானத்தில் இருந்த மோதல் தடுப்புக் கருவியோ ஏறச் சொன்னது. டுபோலெவ் விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள், போயிங் தன் கருவி சொன்னபடி இறங்கியது, இரண்டும் மோதின. 71 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கருவி ஒன்று சொல்ல, தரை வேறு சொன்னால் கருவி பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்று விதி உறுதியானது இதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2006-ல் கான்ஸ்டான்ஸ் நீதிமன்றம் ஜெர்மன் அரசுதான் பொறுப்பு என்றது. தன் வானத்தை அண்டை நாட்டு நிறுவனத்திடம் விட்டிருக்கிறது, அதற்குச் செல்லுபடியாகும் ஒப்பந்தமே இல்லை என்று. பல வருடம் வேலை ஓடியிருக்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை. நல்ல அண்டை வீட்டார் என்ற நம்பிக்கையில் எழுத்து இல்லாமல் ஓடும் எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் எனக்கு இந்தத் தீர்ப்பு ஞாபகம் வரும்.

சரி, பயணிகளுக்கு. ஐரோப்பாவில் ஸ்லாட் தாமதம் என்றால் கேட்டில் நிற்கும் பெண்ணிடம் சண்டை போடாதீர்கள், அவர் கையில் எதுவும் இல்லை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டால் வரும் தாமதத்துக்குப் பொதுவாக நஷ்டஈட்டுப் பணம் கிடைக்காது. ஆனால் காத்திருப்பு நீண்டால் சாப்பாடு, இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டல், இவை உங்கள் உரிமை, அதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்கள் நடுவில் ஒரு மணி நேரம் மட்டும் வைத்து டிக்கெட் போடாதீர்கள், முக்கியமாகக் கோடை விடுமுறையில்.

மருமகனிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் சத்தம் கேட்டது, போனை வைத்துவிட்டான். நான் மட்டும் அன்று நைட் ஷிஃப்டில் உட்கார்ந்ததும் பக்கத்து மையத்தின் ஹாட்லைனை எடுத்து, விஷயம் எதுவும் இல்லாமலே, "கேட்குதா?" என்றேன்.