மரிக்கொழுந்தின் கசப்பு உறவு

பூச்சரத்தில் மரிக்கொழுந்து வைத்துக் கட்டும் நமக்கு, ஆர்ட்டிமீசியா என்ற தாவரப் பேரினம் மணத்தால்தான் அறிமுகம். ஐரோப்பாவில் அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு செடி கசப்புக்குப் பேர் போனது. ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ‘வேர்மூட்’. அந்தச் செடியை ஊறவைத்த ஒயினுக்கும் அதே பெயர் வந்தது. பிரெஞ்சு நாக்கில் புரண்டு ‘வெர்மூத்’ ஆயிற்று.

முதலில் இது வயிற்றுக்கான மருந்து. இத்தாலியின் தூரின் நகரில் 1786-இல் அந்தோனியோ பெனெதெத்தோ கார்பானோ தயாரித்து விற்ற இனிப்பு வெர்மூத்தே இன்றைய வகையின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஊர் அது, மூலிகைக்குப் பஞ்சமில்லை. இனிப்புக் குறைந்த பிரெஞ்சு வகையை 1813-இல் ஜோசஃப் நுவாயி உருவாக்கினார்.

சிவப்பு வெர்மூத் சிவப்பு ஒயினிலிருந்து வருவதாகப் பலரும் நினைப்பதுண்டு. பெரும்பாலும் அடிப்படை வெள்ளை ஒயின்தான். நிறம் தருவது கருக்கிய சர்க்கரை. ஒயினோடு கூடுதல் சாராயமும் மூலிகைச் சாறும் சேர்ப்பார்கள். இந்தச் சாராயத்துக்கு இரண்டு வேலை. வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாத கசப்புப் பொருள்களையும் வாசனை எண்ணெய்களையும் அது இழுத்தெடுக்கிறது. ஒயினைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களையும் அடக்குகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வெர்மூத்தில் 75 சதவீதமாவது ஒயின் இருக்க வேண்டும், ஆர்ட்டிமீசியா கட்டாயம்.

அந்தக் கசப்பின் முதன்மை மூலக்கூறு அப்சிந்தின். பல்லாயிரம் மடங்கு நீர்த்தாலும் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். நமக்குக் கசப்பை உணரும் ஏற்பிகள் சுமார் 25 வகை உண்டு. அவற்றில் டிஏஎஸ்2ஆர்46 என்பதை அப்சிந்தின் தூண்டுகிறது. நஞ்சு பெரும்பாலும் கசக்கும் என்பதால் உருவான எச்சரிக்கை மணி இது. மணி அடித்ததும் எச்சில் ஊறுகிறது. சாப்பாட்டுக்கு முன் குடிக்கும் இத்தகைய பானங்களுக்கு ‘அபெரிதீஃப்’ என்று பெயர். ‘திற’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பசியைத் திறக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதற்காக மதுவை மருந்தென்று கொள்வதை நான் ஏற்கவில்லை.

திறந்த புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் ஆக்சிஜன். சாராயம் கெட்டுப்போகாமல் காத்தாலும், காற்று பட்டால் மூலிகை மணம் மங்கும். ஆனால் தெற்கு பிரான்சின் மார்செயான் ஊரில், நுவாயி வழிவந்த நிறுவனம் மூலிகை சேர்க்கும் முன் ஒயினை ஓக் பீப்பாய்களில் ஊற்றி, ஓர் ஆண்டு வெட்டவெளியில் வைக்கிறது. அங்கே வெயிலும் காற்றும் வேண்டுமென்றே கூட்டப்படும் கைப்பக்குவம்.